திருப்பிப் பார்க்கும் உரிமை



கைப்பேசியை உள்ளே வையுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. இன்று அதற்கு வேலை இருக்கிறது. வாசலில் உங்களுக்கு ஒரு சீட்டு கொடுத்திருப்பார்கள். அதில் கறுப்பு வெள்ளையாக ஒரு கியூஆர் கட்டம் இருக்கும். அதை இப்போது தொட வேண்டாம். நேரம் வரும்போது நானே சொல்கிறேன்.

என் முன்னால் மேசைமேல் ஒரு இரும்புத் துண்டு இருக்கிறதே, அது என்ன என்று முன்வரிசையில் இருப்பவர்கள் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். வார்ப்பிரும்பில் செய்த பிராக்கெட் அது. ஆறு கிலோ எடை. முப்பது ஆண்டுகளாக என் மேசையில் இருக்கிறது. காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன் என்று வீட்டில் நினைக்கிறார்கள். என் தலைக்கனம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும். இதன் கதையைச் சொன்னால், இன்றைய தலைப்பைப் பாதி சொன்னதாகிவிடும்.

கோவையில் ஒரு ஃபவுண்டரியில் நான் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த காலம். டிரேசிங் பேப்பர், மைப் பேனா, தப்பாகப் போன கோட்டைச் சுரண்ட பிளேடு, மூக்கைத் துளைக்கும் அம்மோனியா பிரிண்ட், இவைதாம் என் உலகம். ஒருநாள் வெளிநாட்டிலிருந்து ஃபேக்ஸில் ஒரு டிராயிங் வந்தது. அதை நம் முறைப்படி மறுபடி வரைந்து பேட்டர்ன் ஷாப்புக்கு அனுப்ப வேண்டியது என் பொறுப்பு. வரைந்தேன். அனுப்பினேன். மேஸ்திரி மரத்தில் அச்சு செய்தார். மணலில் பதித்தார்கள், இரும்பு ஊற்றினார்கள். நாற்பது உருப்படிகள் வந்தன. வெர்னியர் வைத்து அளந்தோம். ஒவ்வொரு அளவும் சரி. ஓட்டை சரி, கனம் சரி, உயரம் சரி.

அப்புறம் மேஸ்திரி ஒன்றைக் கையில் எடுத்தார். அந்தப் பக்கம் திருப்பினார், இந்தப் பக்கம் திருப்பினார். மாட்ட வேண்டிய சட்டத்தின் படத்தைப் பார்த்தார். மெல்லச் சொன்னார்: “தம்பி, கை மாறிப் போச்சுங்களே!”

ஆமாம், கை மாறிப் போயிருந்தது. வலது கைக்குச் செய்ய வேண்டியதை இடது கைக்குச் செய்திருந்தோம். கண்ணாடியில் தெரியும் உருவம்போல, எல்லா அளவும் சரியாக, ஆள் மட்டும் தப்பு. நாற்பதில் முப்பத்தொன்பது மறுபடி உலைக்குப் போயின. நாற்பதாவதுதான் இது.

எப்படி நேர்ந்தது இந்தப் பிழை? பொறியியல் படித்தவர்களுக்குத் தெரியும். ஒரு பொருளை முன்பக்கம், மேற்பக்கம், பக்கவாட்டு என்று மூன்று படங்களாகப் பிரித்து வரைகிறோம். அந்த மூன்றையும் தாளில் எந்த இடத்தில் வைப்பது என்பதில் உலகம் இரண்டு கட்சி. நாம் பழகியது ஃபர்ஸ்ட் ஆங்கிள். அமெரிக்காவில் தேர்ட் ஆங்கிள். நம் முறையில் மேலிருந்து பார்த்த படம் கீழே இருக்கும். அவர்கள் முறையில் மேலேயே இருக்கும். எந்த முறை என்று சொல்ல, தாளின் மூலையில் வெட்டிய கூம்பு ஒன்றை இரண்டு படமாகச் சிறியதாகப் போட்டிருப்பார்கள். அந்தச் சின்னத்தை நான் பார்க்கவில்லை. இன்னொன்று காட்டிக்கொடுத்திருக்கும். மறைந்திருக்கும் விளிம்புகளைக் காட்டும் புள்ளிக்கோடுகள் அவை. ஃபேக்ஸ் தாளில் அவை தேய்ந்து போயிருந்தன. ஒரு முறையில் வரைந்ததை மறுமுறையில் படித்தால் முன் பின்னாகும், பின் முன்னாகும். அளவு எதுவும் முரண்படாது. அதனால் யாருக்கும் சந்தேகமும் வராது.

அன்பர்களே, நான் உங்களைக் கேட்கிறேன். தாளைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? நான் பார்த்தேன், மேலாளர் பார்த்தார், தரம் பார்ப்பவர் பார்த்தார். பிழையைக் கண்டவர் யார்? திருப்பிப் பார்த்தவர்! பார்ப்பது வேறு, திருப்பிப் பார்ப்பது வேறு. இன்று நான் பேச வந்தது இந்த ஒரு வரியைத்தான். கட்டப்போகும் வீட்டை, வார்க்கப்போகும் இரும்பை, செய்யப்போகும் நாற்காலியை, அது உருவாகும் முன்பே பிரவுசரில் திருப்பிப் பார்க்க முடிகிறது. அந்த வசதி எப்படி வந்தது, யாருக்குப் பயன், எங்கே ஏமாற்றும் என்று சொல்லப்போகிறேன்.

வரைபடம் என்பது ஒரு மொழி. படித்தவர்களுக்கு மட்டும் புரியும் மொழி. அதைக் கணிதமாக ஒழுங்குபடுத்தியவர்களில் முதன்மையானவர் பிரான்ஸ் நாட்டின் காஸ்பார் மோன்ஷ். மெஸியேர் என்ற ஊரில் இராணுவப் பொறியியல் பள்ளியில் கோட்டை கட்டும் கணக்குக்காக 1760-களில் அவர் இந்த முறையைக் கண்டார். என்ன செய்தார்கள் தெரியுமா? இராணுவ ரகசியம் என்று பூட்டி வைத்தார்கள்! பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு, 1795-இல்தான் பாரிஸில் அதைப் பொதுவில் பாடமாக நடத்த முடிந்தது. பூட்டு திறந்தது. ஆனால் மொழி எளிதாகிவிட்டதா? இல்லை. இன்றும் வீடு கட்டுகிற நூறு பேரில் எத்தனை பேருக்கு பிளானும் செக்‌ஷனும் படிக்கத் தெரியும்? பணம் போடுகிறவர் ஒருவர், குடியிருக்கப் போகிறவர் ஒருவர், இருவருக்கும் படிக்கத் தெரியாத தாளில் இருவரும் கையெழுத்துப் போடுகிறார்கள்.

அந்தத் தாளுக்குள்ளிருந்து பொருளை வெளியே எடுக்க ஆசைப்பட்டவர்கள் இருந்தார்கள். 1963-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் என்ற ஆய்வு மாணவர், கணினித் திரையில் ஒளிப்பேனாவால் கோடு வரைந்து காட்டினார். ஸ்கெட்ச்பேட் என்று அதற்குப் பெயர். பின்னாளில் அவர் யூட்டா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே 1975-இல் மார்ட்டின் நியூவெல் என்பவருக்குக் கணினியில் வரைந்து பார்க்க ஒரு பொருள் தேவைப்பட்டது. எதை வரைவது? வீட்டில் தேநீர் வேளை. இந்தத் தேநீர்க் கெட்டிலையே வரையுங்களேன் என்றார் அவர் மனைவி சாண்ட்ரா. கிராஃப் தாளில் வரைந்தார், புள்ளிகளைக் கணினியில் ஏற்றினார். ‘யூட்டா டீபாட்’ என்று அது உலகப் புகழ் பெற்றது. அசல் கெட்டில் இன்று கலிஃபோர்னியாவில் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கணினியில் இருக்கும் கெட்டில் அசலைவிடக் குட்டை. அது மட்டுமா? நியூவெல் முதலில் செய்த கெட்டிலுக்கு அடிப்பாகமே கிடையாது! மேசைமேல் வைத்த கெட்டிலுக்கு அடி யாருக்குத் தெரியப்போகிறது? முன்னால் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியாது. கவிழ்த்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும். பார்ப்பது வேறு, திருப்பிப் பார்ப்பது வேறு!

சரி, கணினிக்குள் பொருள் வந்தாயிற்று. உங்களிடமும் என்னிடமும் எப்படி வந்து சேர்வது? 1994 மே மாதம். ஜெனீவாவில் உலகளாவிய வலைக்கான முதல் மாநாடு. அங்கேயே, வலையில் எழுத்தும் படமும் வருவதுபோல முப்பரிமாண உருவமும் வரவேண்டும் என்று பேசினார்கள். வி.ஆர்.எம்.எல். என்ற மொழி பிறந்தது. 1997-இல் அது உலகத் தரநிலையும் ஆனது. ஆனால் ஊருக்குள் வரவில்லை. ஏன்? அன்றைய மோடம் நொடிக்கு 28,800 பிட் கொண்டுவரும். ஒரு மெகாபைட் கோப்பு இறங்க ஏறக்குறைய ஐந்து நிமிடம். அது இறங்கியபின் பார்க்கத் தனியாக ஒரு செருகுநிரல் வேண்டும். அதைத் தேடி, இறக்கி, நிறுவி, கணினியை அணைத்துப் போட்டு... அதற்குள் பார்க்க வந்தவர் எழுந்து போய்விடுவார். கதவு இருந்தது, ஆனால் ஒவ்வொருவரும் சாவியைச் செய்துகொண்டு வரவேண்டியிருந்தது.

சாவியே வேண்டாத கதவு எப்போது வந்தது? 2006-இல் மோஸில்லாவில் விளாதிமிர் வுகிசேவிச் என்ற பொறியாளர், பிரவுசருக்குள்ளேயே முப்பரிமாணம் வரையும் சோதனையைக் காட்டினார். கணினியின் கிராஃபிக்ஸ் சிப்போடு பிரவுசரே நேரடியாகப் பேசட்டும் என்பது எண்ணம். க்ரோனோஸ் என்ற தொழில்துறைக் கூட்டமைப்பு அதை எடுத்துக்கொண்டது. 2011 மார்ச்சில் வெப்ஜிஎல் முதல் பதிப்பு வந்தது. எல்லோரும் கைதட்டினார்களா? இல்லை! யாரோ எழுதிய வலைப்பக்கத்தை என் வீட்டுக் கிராஃபிக்ஸ் சிப் வரை விடுவதா, பாதுகாப்பு என்ன ஆவது என்று அதே ஆண்டு ஜூனில் மைக்ரோசாஃப்ட் மறுத்தது. 2013-இல் அதே நிறுவனம் தன் பிரவுசரின் 11-ஆம் பதிப்பில் ஏற்றுக்கொண்டது. 2014-இல் ஐபோன் பிரவுசரிலும் வந்தது. நிறுவ எதுவும் இல்லை. ஒரு லிங்க் போதும்.

சிப்போடு நேராகப் பேசுவது கடினமான வேலை. ஒரு முக்கோணம் வரையவே பக்கம் பக்கமாக எழுதவேண்டும். அந்தச் சுமையைக் குறைத்தது 2010-இல் ரிக்கார்டோ கபெல்லோ வெளியிட்ட த்ரீ ஜேஎஸ் என்ற இலவச நூலகம். ‘இங்கே ஒரு பெட்டி, அங்கே ஒரு விளக்கு, இந்த மூலையில் கேமரா’ என்று நாம் சொல்லும் அளவுக்கு வேலை எளிதானது. 2023-இல் குரோம் பிரவுசரில் வெப்ஜிபியு என்ற அடுத்த தலைமுறையும் வந்துவிட்டது. பெயர்களை மறந்தாலும் பாதகமில்லை. என்ன நடக்கிறது என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

என்னதான் நடக்கிறது? திரையில் தெரியும் எந்த உருவமும் முக்கோணங்களால் ஆனது. குடம் உருண்டையா? இல்லை, நுணுக்கமான முக்கோணங்களின் கூடு. நீங்கள் விரலால் இழுக்கிறீர்கள். அந்த நொடியே ஒவ்வொரு முக்கோணத்தின் மூன்று முனைகளும் திரையில் எங்கே விழும் என்று சிப் கணக்குப் போடுகிறது. பிறகு உள்ளே இருக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சம் எவ்வளவு, நிறம் என்ன என்று பார்த்து நிரப்புகிறது. நொடிக்கு 60 படம் என்றால், ஒரு படத்துக்குக் கிடைப்பது 17 மில்லி நொடிகூட இல்லை. கண் சிமிட்டும் நேரத்துக்குள் பல தடவை முழுப் பொருளையும் அழித்து, முழுப் பொருளையும் வரைகிறது. உங்கள் கைப்பேசி சூடாவது சும்மா அல்ல!

இதனால் யாருக்கு என்ன லாபம்? ஒரு வீட்டுக் கதை சொல்கிறேன். நண்பர் ஒருவர் மாடி வீடு கட்டினார். பொறியாளர் பிளானை விரித்தபோது அவருடைய அம்மா, “நீங்க பாத்தாச் சரிதானுங்க” என்று எழுந்துபோய்விட்டார். பேரன், அதே வீட்டின் முப்பரிமாண உருவத்தைக் கைப்பேசியில் திறந்து பாட்டி கையில் கொடுத்தான். ஆப் எதுவும் இல்லை, லிங்க் மட்டும்தான். அம்மா விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மாடிப்படி திரும்பும் இடத்தில் நிறுத்தினார். “ஏங்கண்ணு, இந்தத் திருப்பத்துல என்ற பீரோ எப்படிடா மேல போகும்?” என்றார். பொறியாளர் டேப்பை எடுத்துக் கணக்குப் பார்த்தார். போகாது! அன்றைக்கே படியின் திருப்பம் அகலமானது. சுவர் எழும்பியபின் கேட்டிருந்தால் அது சண்டை. சுவர் எழும்பும் முன் கேட்டதால் அது யோசனை. பிளான் படிக்கத் தெரியாத அந்த அம்மாவுக்கு வீடு படிக்கத் தெரிந்திருந்தது. தெரிந்ததைச் சொல்ல அவருக்கு ஒரு வழிதான் இல்லாமல் இருந்தது.

இன்னொரு உதாரணம், பூமியை விட்டுப் போய் வந்தது. 1969-இல் நிலாவுக்குப் போன அப்பல்லோ 11-இன் கொலம்பியா கலம் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உள்ளே யாரையும் விடமாட்டார்கள். 2016-இல் அதன் உட்புறத்தை ஸ்கேன் செய்து, பிரவுசரில் சுற்றிப் பார்க்கும்படி வெளியிட்டார்கள். அந்த வேலையின்போது என்ன கண்டார்கள்? விண்வெளி வீரர்கள் உள்சுவரில் கையால் எழுதிய எண்கள், குறிப்புகள், நாட்களை அடித்துக்கொண்டே வந்த ஒரு சிறிய காலண்டர்! கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவர்களுக்கு அது ஒரு கலம். உள்ளே திருப்பிப் பார்த்தபோதுதான் மூன்று மனிதர்கள் நாள் எண்ணிக்கொண்டிருந்தது தெரிந்தது.

நண்பர்களே, இதுவரை புகழ்ந்தேன். இனி எச்சரிக்கை. மருந்தைப் புகழ்ந்துவிட்டு பத்தியம் சொல்லாதவன் நல்ல வைத்தியன் அல்ல.

முதல் பத்தியம்: திரையில் தெரிவதை அளவாக நம்பாதீர்கள். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டு ஒன்றை 32 பட்டைகளாக்கித் திரையில் காட்டுகிறோம் என்று வையுங்கள். கண்ணுக்கு வட்டம்தான். ஆனால் ஒவ்வொரு பட்டையின் நடுவும் உண்மையான வட்டத்திலிருந்து கால் மில்லிமீட்டர் அளவுக்கு உள்ளே இருக்கும். பேரிங் மாட்டுகிறவர்களைக் கேளுங்கள், அவர்கள் பேசுவது நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர்! ஆகவே புரிந்துகொள்ளத் திரை, வெட்டுவதற்கு டிராயிங். இந்த இரண்டையும் குழப்பாதீர்கள்.

இரண்டாவது: அலகையும் திசையையும் கவனியுங்கள். முப்பரிமாண உருவத்தைச் சேமிக்கும் எஸ்.டி.எல். கோப்பில் எண் மட்டும்தான் இருக்கும், அது மில்லிமீட்டரா இஞ்சா என்று எழுதியிருக்காது. மாறிவிட்டால் பொருள் 25.4 மடங்கு பெரிதாகும் அல்லது சிறிதாகும். பிரவுசருக்கென்றே க்ரோனோஸ் வகுத்த ஜி.எல்.டி.எஃப். கோப்பில் அலகு மீட்டர் என்று தெளிவாக இருக்கிறது. அதன் இரண்டாம் பதிப்பு 2017-இல் வந்தது. ஆனால் அதில் மேல்நோக்கிய அச்சு ஒய். நாம் வடிவமைக்கப் பயன்படுத்தும் கேட் (CAD) மென்பொருள்கள் பலவற்றில் அது இஸட். மாற்றாமல் ஏற்றினால் நிற்க வேண்டிய மோட்டார் படுத்துக்கிடக்கும். அவசரத்தில் ஓர் அச்சுக்கு மட்டும் கழித்தல் குறி போட்டுவிட்டால், அப்புறம் நடப்பது என்ன? கை மாறிப் போகும்! தாளில் நான் செய்த தப்பைத் திரையிலும் செய்யலாம், ஐயா.

மூன்றாவது: எளிய கைப்பேசியை நினைத்துச் செய்யுங்கள். சாதாரண பைனரி எஸ்.டி.எல். கோப்பில் ஒரு முக்கோணத்துக்கு 50 பைட். ஒரு லட்சம் முக்கோணம் என்றால் 50 லட்சம் பைட். அடுத்தடுத்த முக்கோணங்கள் முனைகளைப் பகிர்ந்துகொள்ளும்படி ஜி.எல்.டி.எஃப்.பில் எழுதினால் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மேலே ஒட்டும் படங்களில் இன்னும் கவனம் வேண்டும். நீள அகலம் 4,096 புள்ளியுள்ள ஒரு படம், கோப்பாக இருக்கும்போது இரண்டு மெகாபைட்தான் இருக்கலாம். சிப்பின் நினைவகத்தில் விரித்தால் 64 மெகாபைட்! நான்கு படம் ஒட்டினால் பழைய கைப்பேசி மூச்சுத் திணறிப் பக்கத்தையே மூடிவிடும். உங்கள் ஆபீஸ் கணினியில் பளபளப்பதைச் சோதனை என்று சொல்லாதீர்கள். கடைநிலைத் தொழிலாளியின் கைப்பேசியில் திறக்கிறதா? அதுதான் சோதனை.

நான்காவது: பிரவுசருக்கு அனுப்பியது அவர் கைக்குப் போய்விட்டது என்று பொருள். பார்க்கத்தானே கொடுத்தேன் என்று சொல்லமுடியாது. தெரிந்தவர் அந்தக் கோப்பை எடுத்துக்கொள்வார். ஆகவே உள்நுட்பம் இருந்தால் நீக்கிவிடுங்கள். வெளித்தோலை மட்டும் அனுப்புங்கள்.

ஐந்தாவது, கடைசிப் பத்தியம்: அழகில் மயங்காதீர்கள். மாலை வெயில் போட்டு, மரம் வைத்து, கண்ணாடித் தரை பளிச்சிட்டால் எந்த வீடும் மாளிகைதான். பக்கத்தில் ஒரு மனித உருவத்தை நிறுத்துங்கள். ஒரு கட்டிலை, ஒரு பீரோவைப் போடுங்கள். அப்போது அந்த அறை உண்மை பேசத் தொடங்கும்.

கேட்கிறவரை மடக்குவதற்காகக் காட்டினால் அது விளம்பரம். கேட்கிறவர் நம்மை மடக்கட்டும் என்று கொடுத்தால் அது வடிவமைப்பு. தொழில் செய்பவர்கள் இதைத் துணிந்து செய்யவேண்டும். வாடிக்கையாளர் கேள்வி கேட்டால் வேலை தாமதமாகும் என்று அஞ்சாதீர்கள். முப்பத்தொன்பது இரும்பை மறுபடி உருக்கியதைவிட அது தாமதமில்லை.

போதும், பேச்சை முடிக்கிறேன். இப்போது கைப்பேசியை எடுங்கள். சீட்டில் உள்ள கட்டத்தை ஸ்கேன் செய்யுங்கள். திறந்துவிட்டதா? அங்கே தெரிவது இதே பிராக்கெட், அந்த வெளிநாட்டுத் தாள் கேட்டபடி, சரியான கையில். என் முன்னால் இருப்பது நான் வரைந்தபடி, தப்பான கையில். பொறியியல் படித்தவர்கள் கொஞ்சம் பொறுங்கள். படிக்காதவர்கள் முதலில் மேடைக்கு வாருங்கள். ஒரு கையில் கைப்பேசி, மறுகையில் இந்த இரும்பு. இரண்டையும் திருப்பித் திருப்பிப் பாருங்கள். எது எங்கே மாறியிருக்கிறது என்று எனக்குச் சுட்டிக்காட்டுங்கள்.

ஆறு கிலோ இருக்கிறது, பார்த்துத் தூக்குங்கள்.